சுணை, சுருள், புல்லி, கொட்டை: மொஹாவி பாலைவனத்து ஃபிடில்நெக் செடியை அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

மார்ச் மாதம் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்குக் காரில் போனால், இறங்கித் தேட வேண்டிய வேலையே இல்லை. சாலையோரத்திலேயே நிற்கும். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை உயரம், மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறத்தில் சின்னப் பூ, தேள்வாலாய்ச் சுருண்ட உச்சி, தொட்டால் விரலில் ஏறும் சுணை. அங்கே இதை ஃபிடில்நெக் என்பார்கள். பிடில் வாத்தியத்தின் தலைப்பக்கம் சுருண்டிருக்குமே, அதைப் பார்த்து வைத்த பெயர்.

இவ்வளவும் சுலபம். ஆனால் "ஃபிடில்நெக்" என்பது ஒரு இனத்தின் பெயர் அல்ல, ஆம்சிங்கியா என்ற பேரினம் முழுவதற்கும் பொதுப்பெயர். பாலைவனத்தில் அதிகம் கண்ணில் படுவது ஆம்சிங்கியா டெஸ்ஸெல்லாட்டா. அதோடு கலந்து குழப்புபவை ஆம்சிங்கியா இன்டர்மீடியா, ஆம்சிங்கியா மென்சீசியை. மூன்றும் அந்த மண்ணுக்கே உரிய ஓராண்டுச் செடிகள், மூன்றிலும் சுணை உண்டு, மூன்றும் சுருளும். தூரத்திலிருந்து பார்த்து இனம் சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பூவிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் இரண்டு வருடம் நான் எழுதி வைத்த பெயர்களில் பாதியைப் பின்னால் அடிக்க வேண்டியிருந்தது. இந்தச் செடியில் பூ கடைசிச் சாட்சி. சுணை குடும்பத்தைச் சொல்லும், சுருள் அதை உறுதி செய்யும், பூவுக்கு அடியில் பச்சையாக இருக்கும் புல்லிவட்டம் இனத்தைச் சொல்லும், கொட்டை கையெழுத்துப் போடும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஏன் இந்த வரிசை என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. கிளம்பும் முன்: எப்போது போவது, எதை எடுத்துக்கொள்வது

இவை குளிர்கால மழையை நம்பி முளைக்கிற செடிகள். மழைக்குப் பின் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடை வருவதற்குள் காய்ந்துவிடும். மொஹாவியில் மார்ச் முதல் மே வரை பூ இருக்கும். உயரமான இடங்களில் ஜூனிலும் பார்க்கலாம்.

அடையாளம் காணத்தான் போகிறீர்கள் என்றால் பூ உச்சத்தில் இருக்கும் வாரத்தைவிட, அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் போவது நல்லது. உச்சியில் பூவும் அடியில் முற்றிய காயும் ஒரே தண்டில் கிடைக்கும். படம் எடுக்கிறவர்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் குறித்த சின்ன ஸ்கேல், முனை கூரான ட்வீசர், நாலாக மடித்த வெள்ளைத் தாள், நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், வெயிலில் சில பேனாக்கள் கசியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். முட்டி போட்டு உட்கார ஒரு பழைய கோணியோ தடித்த துணியோ. இது சொகுசுக்காக அல்ல. சோயா (cholla) என்ற முள் நிறைந்த கள்ளியின் உதிர்ந்த துண்டுகள் மணலோடு மணலாகக் கிடக்கும், அதன்மேல் முட்டி வைத்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

இன்னொன்று: ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி போன்ற தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் செடி பறிக்கக் கூடாது. அதனால் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றையும் செடியைப் பிடுங்காமல், நின்ற இடத்திலேயே செய்யும்படி எழுதியிருக்கிறேன். மற்ற நிலங்களுக்கு வேறு விதி இருக்கும், போகும் முன் பார்த்துவிடுங்கள்.

2. முதலில் தொடாதீர்கள், இலையைப் பாருங்கள்

சுருண்ட உச்சியும் ரோமமும் ஃபசீலியா என்ற வேறொரு கூட்டத்துக்கும் உண்டு. அதில் சில இனங்கள், குறிப்பாக ஊதா நிறத்தில் பூக்கும் ஃபசீலியா கிரெனுலாட்டா, தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரவைக்கும். உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நீங்கள் இன்னும் நாற்பது செடியைத் தொட்டிருப்பீர்கள்.

பூத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஊதாவோ நீலமோ என்றால் கையை எடுத்துவிடுங்கள். மொட்டாக இருக்கும்போதுதான் சிக்கல். அப்போது இலை காப்பாற்றும். ஃபசீலியாவின் இலை பெரும்பாலும் ஓரம் அலையாக வளைந்தோ, இறகு போல் பிளந்தோ இருக்கும். ஃபிடில்நெக்கின் இலை நீளமாக, ஈட்டி வடிவில், ஓரத்தில் எந்த வெட்டும் இல்லாமல் இருக்கும். தண்டில் எதிரெதிராக அல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறும். தொடும் முன் இதைப் பார்ப்பதுதான் இந்தப் படி. இரண்டு நொடி வேலை.

ஃபிடில்நெக்கைத் தொடலாம். சுணை குத்தும், சிலருக்குக் கொஞ்சம் நமைக்கும், அவ்வளவுதான். ஆனால் வாயில் வைக்கக் கூடாது. கொட்டையில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு இருக்கிறது. குதிரை, மாடு, பன்றி அதைத் தின்று ஈரல் கெட்டுப்போவது அங்கே பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்.

3. ஓராண்டுச் செடிதானா என்று பிடுங்காமல் பார்ப்பது

பல அடையாளக் கையேடுகள் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கும்: ஓராண்டா, பல்லாண்டா? வேரைப் பிடுங்கிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். தேவையே இல்லை.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் மணலை ஒதுக்குங்கள். கட்டை போல் தடித்த அடி இருக்கிறதா? போன வருடத்துக் காய்ந்த குச்சி அதே அடியிலிருந்து கிளம்புகிறதா? இரண்டும் இல்லை, தண்டு அடிவரை பச்சையாகவும் மென்மையாகவும் இருக்கிறது என்றால் ஓராண்டுச் செடி.

இதில் ஒரு தடுமாற்றம் உண்டு. ஃபிடில்நெக் பெரும்பாலும் கிரியோசோட் போன்ற புதர்களின் நிழலில், அவற்றின் கிளைக்குள்ளேயே முளைக்கும். விழுந்த இலைமட்கும் கொஞ்சம் ஈரமும் அங்கேதான் இருக்கும். புதரின் கட்டையைச் செடியின் கட்டை என்று நினைத்து "பல்லாண்டு" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்டை மண்வரை விரலால் தொடர்ந்து போங்கள்.

4. சுணையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்

வைக்கோல் போரில் ஏறி விளையாடியவர்களுக்கும் கரும்புத் தோட்டத்துக்குள் நுழைந்தவர்களுக்கும் சுணை என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டாம். ஆனால் தாவரத்தைப் பார்க்கும்போது "சுணை இருக்கிறது" என்று எழுதினால் போதாது. பாலைவனத்தில் பாதிச் செடிகளுக்கு ஏதோ ஒரு ரோமம் இருக்கும். மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது? சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில், தண்டு உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் வரும்படி உட்காருங்கள். ஃபிடில்நெக்கின் நீளமான சுணைகள் தண்டுக்குச் செங்குத்தாக விறைத்து நிற்பது அப்போது தெரியும். அவற்றுக்கு அடியில் குட்டையாக, மென்மையாக இன்னொரு வரிசை ரோமமும் இருக்கும். இந்த இரட்டை அடுக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அடியில் என்ன இருக்கிறது? இதற்கு லென்ஸ் வேண்டும். லென்ஸைக் கையை நீட்டிப் பிடிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, செடியை நோக்கித் தலையைக் கொண்டு போங்கள். ஓர் அங்குலத் தூரத்தில் திடீரென்று எல்லாம் தெளிவாகும். இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சுணையும் வெள்ளையாக ஒரு குமிழின் மேல் உட்கார்ந்திருக்கும். வேர்க்குரு வந்த முதுகு மாதிரி இலை முழுக்கப் புள்ளியாகத் தெரியும். இந்தக் குடும்பத்துச் சுணைகளில் சுண்ணாம்பும் சிலிக்காவும் ஏறி விறைத்திருப்பதால்தான் இப்படிக் குத்துகின்றன.

நம் ஊரில் கவிழ்தும்பையைத் தடவியிருக்கிறீர்களா? அதுவும் இதே போராஜினேசியே குடும்பம்தான். அந்தச் சொரசொரப்பு விரலுக்கு நினைவிருந்தால், ஃபிடில்நெக்கின் இலையைத் தொட்டதும் "அட, இது அதுவாச்சே" என்று தோன்றும். அந்தத் தோற்றம் சரியானது.

மூன்றாவது, ஒட்டுகிறதா? பிசுபிசுப்பு இருந்தால் இந்தச் செடி இல்லை, வேறு பக்கம் தேட வேண்டும். துணியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அது பெரும்பாலும் மென்ட்ஸீலியா. அதன் ரோமத்தில் கொக்கி போன்ற முள் இருக்கும். ஃபிடில்நெக்கின் சுணை குத்தும், ஒட்டாது.

சுணை இருக்கிற மஞ்சள் பூ எல்லாம் அந்த மண்ணுக்கு உரியது என்றும் நினைத்துவிடாதீர்கள். சஹாரா கடுகு என்ற களை பாலைவனத்தில் பெருகிக் கிடக்கிறது. மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்தது. அதன் அடித்தண்டிலும் அடியிலைகளிலும் சுணை குத்தும், பூவும் வெளிர்மஞ்சள். ஆனால் இதழ் நாலுதான், இலை ஆழமாகப் பிளந்திருக்கும், காய் நம்ம கடுகுக் காய் மாதிரியே நீளமாக இருக்கும். தண்டின் மேல்பாதியைத் தடவினால் வழவழப்பு. ஃபிடில்நெக் அடியிலிருந்து உச்சி வரை குத்தும்.

5. சுருளைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் வாய்க்கால் ஓரம் வளரும் தேள்கொடுக்குச் செடியின் பூங்கொத்து நினைவிருக்கிறதா? அதே அமைப்பு. மொட்டுகள் எல்லாம் உள்ளே சுருண்டிருக்க, பூக்கப் பூக்கச் சுருள் அவிழ்ந்து நிமிரும். அதனால் ஒரே தண்டில் மேலே மொட்டு, நடுவில் பூ, அடியில் காய் என்று வயது வரிசையாக நிற்கும்.

இந்த வரிசைதான் நமக்கு வசதி. மேலே பார்த்தால் பூவின் வடிவம், கீழே பார்த்தால் கொட்டை. பல பேர் மேலே மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள்.

மே மாதக் கடைசியில் சுருள் முழுவதும் நிமிர்ந்து, வைக்கோல் நிறக் குச்சியாகிவிடும். "சுருள் இல்லையே" என்று தள்ளிவிடாதீர்கள். புல்லிகள் ஒரே பக்கமாக வரிசை கட்டியிருப்பதை வைத்து முன்பு சுருண்டிருந்தது தெரியும். சில வருடங்களில் பெயிண்டட் லேடி வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இலையை எல்லாம் தின்று தீர்த்திருக்கும். அந்தப் பூச்சி பெருந்திரளாக வலசை போன 2019 வசந்தத்தில் மொட்டைத் தண்டுகளை நிறையப் பார்க்க முடிந்தது. அப்போதும் அடிப்புல்லிகள் மிஞ்சியிருந்தால் போதும், வேலை நடக்கும்.

6. பூ: சீக்கிரம் பார்த்துவிட்டு நகருங்கள்

இங்கே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஐந்து இதழ், அடியில் குழலாகச் சேர்ந்திருக்கும். நிறம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை. குழலோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்.

வெள்ளையாக, குண்டூசித் தலை அளவில், நடுவில் மஞ்சள் கண்ணோடு இருந்தால் அது கிரிப்டாந்தா கூட்டம். அதே குடும்பம், அதே சுணை, அதே சுருள். பூக்காதபோது இரண்டையும் பிரிப்பது கஷ்டம், பூத்தபின் நிறமே சொல்லிவிடும். வெளிர்மஞ்சள் மணிகள் தலைகீழாகத் தொங்கினால் அது எம்மெனாந்தே. அதன் இலை பிளந்திருக்கும், கையில் பிசுபிசுக்கும்.

இதற்குமேல் பூவை நம்பாதீர்கள். இன்டர்மீடியாவின் பூமுகம் பெரும்பாலும் அகலம், தொண்டையில் ஐந்து செம்மஞ்சள் பொட்டு தெரியும். மென்சீசியையின் பூ சிறியது, வெளுத்த மஞ்சள். டெஸ்ஸெல்லாட்டா இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். அதிலேயே பூ பெரிதாக இருக்கும் குளோரியோசா என்ற வகை, பாலைவனத்துக்கு மேற்கே கேரிசோ சமவெளிப் பக்கம் மலைச்சரிவுகளை நிறைத்துக் கிடக்கும். அளவும் நிறமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால், பூவை வைத்து இனம் முடிவு செய்தால் நாலுக்கு ஒன்று தப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்கெடுப்பு இல்லை, என் நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

7. புல்லிவட்டம்: இங்கேதான் உட்கார வேண்டும்

பூவின் அடியில் பச்சையாக ஏந்தி நிற்குமே, அதுதான் புல்லிவட்டம். அதில் எத்தனை மடல் என்று எண்ணுவதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான வேலை. இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எதை எண்ணுவது என்பதில் முதல் தவறு நடக்கும். பூ விரிந்திருக்கிற புல்லியை எண்ணாதீர்கள். அது இன்னும் சின்னது, மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், சுணை இடைவெளியை மறைக்கும். சுருளின் அடியிலிருந்து மேலே வாருங்கள், பூ உதிர்ந்து புல்லி மட்டும் பெரிதாகி நிற்கிற நாலைந்தாவதைத் தேர்ந்தெடுங்கள். காய் முற்றும்போது புல்லியும் கூடவே வளரும், அதனால் அடியில் உள்ளதில்தான் மடல் தெளிவாகத் தெரியும்.

தண்டை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். ட்வீசர் முனையால் ஒரு மடலை மெல்ல வெளிப்பக்கம் வளையுங்கள். அது உங்கள் ஒன்றாம் எண். இப்போது தண்டை மெதுவாக உருட்டியபடி அடுத்தடுத்து வளைத்து எண்ணுங்கள். வளைத்தது வளைந்தபடியே நிற்கும், அதனால் ஒரே மடலை இரண்டு முறை எண்ணும் ஆபத்து இல்லை.

ஐந்து மடல், ஐந்தும் ஒரே அகலம், குச்சி குச்சியாக இருக்கிறதா? அப்படியானால் இன்டர்மீடியா அல்லது மென்சீசியை பக்கம் போங்கள்.

நாலுதான் வருகிறதா? சில சமயம் மூன்று, இரண்டுகூட வரலாம். அதில் ஒன்றோ இரண்டோ மற்றவற்றைவிட அகலமாக இருக்கிறதா? அந்த அகலமான மடலின் நுனியை லென்ஸில் பாருங்கள். நுனியில் சின்னதாக ஒரு பிளவு, இரண்டு பல் போல் தெரிந்தால் உங்களிடம் இருப்பது டெஸ்ஸெல்லாட்டா. இரண்டு மடல்கள் வளரும்போதே ஒட்டிக்கொண்டுவிட்டன, அந்தப் பிளவு அவை முன்பு இரண்டாக இருந்ததற்கு அடையாளம். இரண்டு விரல் ஒட்டிப் பிறந்த கையில் நகம் மட்டும் இரண்டாக இருப்பது மாதிரி.

ஒரு புல்லியோடு நிறுத்தாதீர்கள். ஒரு செடியில் ஐந்து புல்லி, அருகருகே மூன்று செடி. டெஸ்ஸெல்லாட்டாவிலும் அங்கங்கே ஒன்றில் ஐந்து மடல் வரும். நீங்கள் எண்ணிய ஒரே ஒரு புல்லி அதுவாக இருந்துவிட்டால் முழுப் பதிவும் தப்பு. பதினைந்தில் பெரும்பாலானவை எப்படி என்பதுதான் விடை.

ஒரு முறை என்னோடு வந்த நண்பர் இருநூறு படம் எடுத்தார். எல்லாமே மேலிருந்து, பூவின் முகத்தை நேராக வைத்து எடுத்தவை. அழகான படங்கள். அதில் ஒன்றில்கூட புல்லி தெரியவில்லை. ஐந்து இதழைப் பார்த்துவிட்டு "மடல் ஐந்து" என்று குறித்திருந்தார். இதழ் எப்போதும் ஐந்துதான் இருக்கும், அது இந்தக் கேள்விக்கே பதில் இல்லை.

8. கொட்டை: சீதாப்பழமா, பாகற்காயா?

புல்லிக்குள்ளே நாலு சின்னக் கொட்டைகள் இருக்கும். பார்வைக்கு விதை, உண்மையில் ஒரே காய் நாலாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் சுமார் மூன்று மில்லிமீட்டர், எள்ளைவிடக் கொஞ்சம் பருமன். எல்லாக் கொட்டையும் வளர வேண்டும் என்று இல்லை, இரண்டோ மூன்றோ மட்டும் இருப்பது சகஜம்.

தண்டின் அடியில் பழுப்பாகிவிட்ட புல்லியைக் கண்டுபிடியுங்கள். அதன் கீழே வெள்ளைத் தாளை நீட்டி, ட்வீசரால் மடல்களைப் பிரித்து மெல்லத் தட்டினால் கொட்டை தாளில் விழும். பச்சையாக இருந்தால் தட்டாதீர்கள், விழாது. விழவைத்தாலும் பயன் இல்லை. முற்றாத கொட்டையின் மேற்பரப்பு இன்னும் உருவாகியிருக்காது, வழவழப்பாகத் தெரிந்து உங்களை வேறு இனத்துக்குத் தள்ளிவிடும். இந்தத் தவறு ரொம்பச் சாதாரணம்.

சரி, தாளில் கொட்டை விழுந்துவிட்டது. சூரியனுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி திரும்பிக்கொள்ளுங்கள். நேர் வெளிச்சத்தில் மேடுபள்ளம் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். லென்ஸைக் கண்ணில் ஒட்டிக் குனியுங்கள்.

டெஸ்ஸெல்லாட்டாவின் கொட்டை அகலமானது. முதுகுப்பக்கம் தட்டையான, உருண்டை விளிம்புள்ள மேடுகள் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கியிருக்கும். கல் பாவிய தெரு மாதிரி. எனக்குச் சீதாப்பழத் தோல்தான் ஞாபகம் வரும், அதைச் சாம்பல் பூசி மூன்று மில்லிமீட்டருக்குள் சுருக்கியது போல. டெஸ்ஸெல்லா என்றால் லத்தீனில் சிறு சதுரக் கல். பெயரே அடையாளம்.

இன்டர்மீடியாவிலும் மென்சீசியையிலும் நடுவில் ஒரு முதுகெலும்பு போல வரம்பு ஓடும். மேடுகள் கூராக, தனித்தனியாக, குறுக்குவரிகளோடு இருக்கும். பாகற்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றிய கொட்டையே வார்னிஷ் அடித்தது போல் வழவழவென்று மின்னினால், அது அபூர்வமான ஆம்சிங்கியா வெர்னிகோசா. அதன் இலையில் சுணையும் கம்மியாகத்தான் இருக்கும்.

சீதாப்பழமா பாகற்காயா என்று சொல்லிக் கொடுத்த பிறகு இந்தப் படியில் யாரும் தடுமாறி நான் பார்க்கவில்லை. அதற்கு முன் "நுண்முடிச்சு", "குறும்புடைப்பு" என்றெல்லாம் சொல்லி எல்லோரையும் குழப்பியிருக்கிறேன்.

பார்த்து முடித்ததும் கொட்டையைச் செடியின் அடியிலேயே போட்டுவிடுங்கள். லாரன்ஸ் கோல்ட்ஃபின்ச் என்ற சிட்டு இந்தக் கொட்டைகளை விரும்பித் தின்னும். அடிப்புல்லிகள் காலியாக இருந்தால் யாரோ நமக்கு முன்னால் வந்துபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம், அடுத்த செடிக்குப் போங்கள்.

9. இன்னும் சந்தேகமா? குழலின் நரம்பை எண்ணுங்கள்

புல்லியும் கொட்டையும் ஒத்துப்போனால் இந்தப் படி வேண்டாம். கொட்டை முற்றாத பருவத்தில், புல்லியும் தெளிவில்லாதபோது மட்டும் இது கைகொடுக்கும்.

வாடி உதிரப்போகும் பூவை எடுத்துக்கொள்ளுங்கள், லேசாகத் தொட்டாலே குழலோடு வந்துவிடும். குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மகரந்தத் தாள் ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே பாருங்கள். டெஸ்ஸெல்லாட்டாவில் அங்கே சுமார் இருபது நரம்புகள் ஓடும், இன்டர்மீடியாவிலும் மென்சீசியையிலும் பத்து. துல்லியமாக எண்ண வேண்டாம். பத்துப் பக்கமா, இருபதுப் பக்கமா என்று தெரிந்தால் போதும். காற்றடித்தால் இதைக் காருக்குள் உட்கார்ந்து செய்யுங்கள்.

10. பெயரை எழுதும் முன் வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள்

நீங்கள் கண்டது அங்கே வளரக்கூடியதா? கலிபோர்னியாவுக்கு கால்ஃப்ளோராவும், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜெப்சன் இ-ஃப்ளோராவும் இணையத்தில் இலவசம். எந்த மாவட்டத்தில், எந்த உயரத்தில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். அரிசோனா பக்கம் என்றால் சைநெட் (SEINet).

இதைக் கடைசியில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால், "இங்கே டெஸ்ஸெல்லாட்டாதான் அதிகம்" என்று மனசு முடிவு கட்டிவிடும். அப்புறம் மடலை எண்ணும்போது ஐந்து இருந்தாலும் நாலாகத் தெரியும். ஃபோன் ஆப்களுக்கும் இதே கதை. ஆம்சிங்கியா என்று பேரினம் வரை ஆப் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். இனம் சொல்லும்போது அது பூவின் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறது.

பழைய கையேடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அவற்றில் இன்டர்மீடியாவை மென்சீசியையின் ஒரு வகையாகப் போட்டிருக்கும், இப்போது அதைத் தனி இனமாக வைக்கிறார்கள். இரண்டு புத்தகத்தில் இரண்டு பெயர் இருந்தால் நீங்கள் தவறு செய்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

11. பதிவு: ஆறு படம், நாலு வரி

படங்களை இந்த வரிசையில் எடுங்கள்: செடி முழுவதும், நிற்கும் இடத்தோடு. அடித்தண்டு. இலையின் மேல்பக்கம், குமிழ் தெரிய. சுருள், பக்கவாட்டில். அடிப்புல்லி, மடல்களைப் பிரித்து. வெள்ளைத் தாளில் கொட்டை, ஸ்கேலோடு. பூமுகப் படம் ஏழாவது, ஆசைக்கு.

நோட்டில் தேதி, இடம், உயரம், மண். அதோடு புல்லி எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள்: "15 புல்லி, 4 மடல் பதினொன்று, 3 மடல் மூன்று, 5 மடல் ஒன்று" என்று. பெயரை மட்டும் எழுதினால் பின்னால் யாரும், நீங்களே கூட, சரிபார்க்க முடியாது.

கொட்டை முற்றாத செடி, புல்லியும் புரியவில்லை, குழலும் கிடைக்கவில்லை என்றால் "ஆம்சிங்கியா, இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் சரியான பதிவுதான். இடத்தைக் குறித்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள். பூ போயிருக்கும், கொட்டை இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சாக்ஸை உடனே துணிமெஷினில் போடாதீர்கள். வெளியிலேயே உதறி, குத்தி நிற்கும் சுணையை டேப்பால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் வேறு யாராவது வீட்டில் சொறிந்துகொண்டிருப்பார்கள்.